சேவலுக்குள் மறைந்திருக்கும் நிறம்

மரான் என்னும் பிரெஞ்சுக் கோழி இனத்தை வளர்ப்பவர்கள் கோழியைவிட முட்டையைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். கரிய உடலும் செம்பு நிறக் கழுத்து இறகுகளுமாகச் சேவல் எவ்வளவு கம்பீரமாக நின்றாலும், அதன் மகள்கள் வெளுத்த முட்டை இட்டால் அதற்கு அந்த இனத்தில் இடமில்லை. அடர்ந்த கரும்பழுப்பு முட்டைதான் மரானின் அடையாளம். அந்த முட்டையை இடுவது பெட்டை. கூட்டத்தின் மரபணுக்களில் சரிபாதியைத் தருகிற சேவலின் உடம்பில் அந்த அடையாளத்தைக் காண வழியே இல்லை. இந்த இனத்தைக் காப்பதில் உள்ள சிரமமும் சுவையும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

மரான் என்பது ஓர் ஊரின் பெயர். பிரான்சின் மேற்குக் கரையில், லா ரொஷெல் துறைமுகத்துக்கு வடகிழக்கே, செவ்ர் நியோர்தேஸ் ஆறு கடலைத் தொடும் சதுப்பு நிலத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அது தானியம் ஏற்றும் சிறு துறைமுகம். தானியம் வாங்க வந்த கப்பல்களில் சண்டைச் சேவல்களும் வந்தன. மாலுமிகள் அவற்றைக் கொடுத்து ஊர்க்கோழிகளை உணவுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. சதுப்பு நிலத்துக் கோழியும் சண்டைச் சேவலும் கலந்து ஈரத்துக்கு அஞ்சாத, திடமான உடல்கட்டுள்ள ஒரு கோழி உருவானது.

ஆனால் கரும்பழுப்பு நிறம் அங்கிருந்து வரவில்லை. அது சீனத்திலிருந்து வந்தது. யாங்சி ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய லாங்ஷான் பகுதியிலிருந்து, 1872-இல் மேஜர் குரோட் என்ற ஆங்கிலேயர் கறுப்புக் கோழிகளை இங்கிலாந்துக்கு வரவழைத்தார். காலில் இறகு, உயரமான உடல், நல்ல பழுப்பு முட்டை. லாங்ஷான் என்றே பெயர் பெற்ற அந்தக் கோழிகள் பிரான்சுக்கும் போய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மரான் பகுதிக் கோழிகளோடு கலந்தன. இன்றைய மரானின் காலில் ஓரமாகத் தெரியும் அந்தச் சிறு இறகுகள் லாங்ஷான் விட்டுச்சென்ற தடயம். முட்டையின் அடர்நிறத்துக்கும் வேர் அங்கேதான். அதன்பின் நிறத்தை மேலும் மேலும் அடர்த்தியாக்கியது மரான் அமைந்துள்ள சாரென்ட் பகுதிக் குடியானவர்களின் கை. கறுத்த முட்டையை அடை வைப்பது, வெளுத்ததைச் சமையலுக்கு எடுத்துக்கொள்வது என்ற எளிய பழக்கம் பல தலைமுறைகள் தொடர்ந்தது. 1929-இல் வளர்ப்போர் சங்கம் அமைந்தது. 1931-இல் இனத்தின் இலக்கணம் எழுத்தில் வந்தது. இங்கிலாந்துக்குப் போன கோழிகளில் அங்குள்ளவர்கள் காலிறகை விலக்கித் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே இன்று பிரெஞ்சு மரானுக்குக் கால் இறகு உண்டு, ஆங்கில மரானுக்குக் கிடையாது.

இனி அந்த நிறம் எப்படி முட்டைமேல் ஏறுகிறது என்று பார்ப்போம். கோழியின் உடம்பில் நடக்கும் வேலைகளில் இதைப்போல் துல்லியமானது அதிகம் இல்லை.

முட்டைப்பையிலிருந்து மஞ்சள் கரு விடுபட்டு, முட்டை வெளியே வர ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. கருக்குழாயின் புனல் வாயில் கரு தங்குவது கால் மணி, அரை மணி நேரம். சேவலின் விந்து சேர வேண்டுமானால் அங்கேதான் சேர வேண்டும். அடுத்த மூன்று மணி நேரத்தில் வெள்ளைக்கரு சுற்றிக்கொள்கிறது. அதற்கடுத்து ஒரு மணிக்குச் சற்றுக் கூடுதலாக, இரண்டு மெல்லிய சவ்வுகள். மீதியுள்ள ஏறத்தாழ 20 மணி நேரமும் முட்டை ஓட்டுச் சுரப்பியில் கிடக்கிறது. ஓட்டில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். ஒரு முட்டையின் ஓட்டுக்குக் கோழி ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் செலவழிக்கிறது. தீனியிலிருந்து வருவது போதாத இரவு நேரத்தில் தன் எலும்பையே கரைத்துக் கொடுக்கிறது. நிறம் ஏறுவது இந்த நீண்ட வேலையின் கடைசிச் சில மணி நேரத்தில். அதனால்தான் பழுப்பு முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பார்த்தால் வெளிறியிருக்கும். சுவரெழுப்பி முடித்தபின் மேலே அடிக்கும் சுண்ணாம்புப் பூச்சைப் போல, நிறம் ஓட்டின் வெளி அடுக்கிலும் அதன்மேல் படியும் மெல்லிய புறத்தோலிலும்தான் இருக்கிறது. மரான் முட்டை இட்ட உடனே ஈரமாக இருக்கும்போது நகத்தால் கீறினால் நிறம் கையோடு வரும். காய்ந்த பிறகும் அழுத்தித் தேய்த்துக் கழுவினால் வெளுக்கும்.

அந்த நிறப்பொருளின் பெயர் புரோட்டோபார்ஃபைரின். நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீம் என்ற மூலக்கூறுக்கு ஒரு படி முந்தைய நிலை இது. இந்த வளையத்தின் நடுவில் ஓர் இரும்பு அணு அமர்ந்தால் ஹீம். அமராவிட்டால் பழுப்பு நிறப் புரோட்டோபார்ஃபைரின். கோழியின் ஓட்டுச் சுரப்பியில் உள்ள செல்கள் ஹீம் தயாரிக்கும் அதே பாதையில் நடந்து, இரும்பு சேரும் கடைசிப் படிக்கு முன்பே நின்றுவிட்டு, அந்தப் பொருளை வெளியே விடுகின்றன. ஏறத்தாழ எல்லா உயிர்களுக்கும் பொதுவான ஒரு வேதிப்பாதையை ஓட்டுக்கு வண்ணம் பூச வளைத்துக்கொண்ட இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் பழுப்பு முட்டை செந்நிறத்தில் ஒளிர்வதும் இந்த மூலக்கூறால்தான்.

பாதை இருந்தால் அதை அடைக்கவும் முடியும். இரத்தக்கழிச்சல் நோயைத் தடுக்கக் கறிக்கோழிகளுக்குத் தரப்படும் நைகார்பசின் என்ற மருந்து தவறிப்போய் முட்டைக்கோழியின் தீனியில் கலந்துவிட்டால், பழுப்பு முட்டை இட்டுக்கொண்டிருந்த கோழி ஓரிரு நாளில் வெளுத்த முட்டை இடும். மருந்தை நிறுத்தினால் நிறம் திரும்பிவிடும். தொற்று மூச்சுக்குழாய் அழற்சி போன்ற வைரஸ் நோய்கள் ஓட்டுச் சுரப்பியைத் தாக்கும்போதும் நிறம் இறங்கும். 1976-இல் நெதர்லாந்தில் முதலில் விவரிக்கப்பட்ட முட்டைச் சரிவு நோயில், மற்ற அறிகுறிகளுக்கு முன்பே பழுப்பு முட்டைகள் வெளுக்கத் தொடங்கும். நாய் துரத்தினாலோ, கூட்டில் நெரிசல் ஏற்பட்டாலோ, பயத்தில் கோழி முட்டையை நேரத்துக்கு இடாமல் அடக்கிவைக்கும்; அப்போது நிறத்தின்மேல் இன்னொரு சுண்ணாம்புத் தூள் படிந்து முட்டை சாம்பல் பூத்துப் பிறக்கும். அனுபவமுள்ள மரான் வளர்ப்பாளர் காலையில் முட்டை எடுக்கும்போதே கூட்டத்தின் உடல்நலத்தைப் படித்துவிடுவார். வெள்ளை முட்டைக் கோழி வைத்திருப்பவருக்கு இந்த வசதி இல்லை.

காட்டுக்கோழியின் முட்டை வெளிறிய மணல் நிறம். அதிலிருந்து ஒரு பக்கம் லெகார்ன் கோழியின் தூய வெள்ளைக்கும், மறு பக்கம் மரானின் கரும்பழுப்புக்கும் மனிதர்கள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். காட்டில் இவ்வளவு கறுத்த முட்டைக்கு எந்தத் தேவையும் இருந்ததாகத் தெரியவில்லை. பறவை முட்டைகளுக்கு ஏன் நிறம் வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு: எதிரியின் கண்ணுக்கு மறைவது, ஓடு மெலிந்த இடத்தைப் பலப்படுத்துவது, குளிர் நாட்டில் சூரிய வெப்பத்தை வாங்கிக்கொள்வது. எது எவ்வளவு உண்மையானாலும் மரானின் நிறம் அவற்றைத் தாண்டிப் போய்விட்டது. அதை அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருப்பது தேர்ந்தெடுக்கும் மனிதக் கை மட்டுமே. கை எடுக்கப்பட்டால் சில தலைமுறைகளில் நிறம் தளர்ந்து சாதாரணப் பழுப்புக்கு வந்துவிடும். இந்த இனத்தைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி இதுதான்.

ஏன் தளர்கிறது? ஒரு காரணம், அதிக முட்டைக்கும் அடர்நிறத்துக்கும் இடையே உள்ள இழுபறி. முதல்முறை முட்டையிடத் தொடங்கும் வெடைக்கோழியின் ஆரம்ப முட்டைகள்தாம் மிகக் கறுத்தவை. இட இட நிறம் இறங்குகிறது; முட்டையும் பெரிதாகிறது, பூச வேண்டிய பரப்பும் கூடுகிறது. பருவத்தின் இறுதியில் அதே கோழியின் முட்டை ஒன்றிரண்டு நிலை வெளுத்திருக்கும். இறகுதிர்த்து ஓய்வெடுத்து மீண்டும் தொடங்கும்போது பழைய அடர்த்தி பெரும்பாலும் திரும்பும். ஓய்வுதான் நிறத்தைத் தருகிறது. எனவே ஓயாமல் இடும் கோழிகளை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் வெளுப்பை நோக்கித்தான் போவோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது மரான் இனம் நலிந்து கிடந்தது. 1946 முதல் அரசு வேளாண் துறை ஃபவியேர் என்னும் இடத்தில் தேர்வுப் பண்ணை நடத்தி முட்டை எண்ணிக்கையை உயர்த்தப் பாடுபட்டது. 1952 வாக்கில் கோழி ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 200 முட்டை என்ற அளவை எட்டியது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. ஆனால் 300 முட்டைக்கு மேல் இடும் கலப்பினங்கள் வந்த பிறகு, எண்ணிக்கைப் போட்டியில் மரான் நிற்க முடியாது. நிற்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. இன்று நல்ல நிறமுள்ள பெட்டை ஆண்டுக்கு 150-க்குச் சற்று மேலே இட்டால் போதும் என்று மனதார ஏற்றுக்கொள்பவரிடம்தான் இந்த இனம் தழைக்கிறது. எண்ணிக்கையும் வேண்டும், கருநிறமும் வேண்டும் என்பவர் இரண்டில் ஒன்றை இழப்பார்.

மரான் முட்டையின் நிறத்தை அளக்க பிரெஞ்சு வளர்ப்போரிடம் ஒரு வண்ண அட்டை உண்டு. 1 என்றால் வெள்ளை. 9 என்றால் கறுப்புக்கு நெருங்கிய பழுப்பு. 4-க்குக் கீழே இருப்பது மரான் முட்டையாகவே கணக்கில் வராது. அட்டையைப் பயன்படுத்தவும் ஒழுங்கு வேண்டும். ஒரு கோழியின் பருவத் தொடக்க முட்டையை இன்னொரு கோழியின் பருவ இறுதி முட்டையோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னால் அநியாயமாகிவிடும். முட்டை காய்ந்திருக்க வேண்டும், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், எந்தக் கோழி இட்டது என்று சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். இதற்காகவே, கோழி உள்ளே நுழைந்ததும் கதவு விழுந்து அடைத்துக்கொள்ளும் முட்டைக்கூடுகளைச் சிலர் வைத்திருக்கிறார்கள். ஆள் வந்து காலிலுள்ள வளையத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு திறந்துவிட வேண்டும். நாள் முழுக்க வீட்டோடு இருப்பவர்தான் செய்யக்கூடிய வேலை. பலர் பெட்டைகளைத் தனித்தனியாகச் சில நாள் அடைத்துவைத்து முட்டையைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இறகின் நிறத்தை ஆள்வது எளிது. மரானில் கருஞ்செம்பு, கோதுமை நிறம், புள்ளிவரி, நீலம், வெள்ளை என்று பல வகைகள் உண்டு. அவற்றில் பலவற்றைத் தனித்தனி மரபணுக்கள் தெளிவாகத் தீர்மானிக்கின்றன. நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் சேர்த்தால் குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி நீலமாகவும், கால் பங்கு கறுப்பாகவும், மீதி கால் பங்கு வெளிறிய சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகவும் இருக்கும். புள்ளிவரி மரபணு பால் குரோமோசோமில் இருக்கிறது. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒரே ஒரு இசட். ஆகவே சேவல் அந்த மரபணுவை இரட்டையாக ஏந்தி வெளிறித் தெரியும். ஒற்றையாக ஏந்தும் பெட்டை கறுத்துத் தெரியும். பொரித்த அன்றே குஞ்சின் தலையிலுள்ள வெண்புள்ளியின் அளவைப் பார்த்துப் பலர் பால் பிரிப்பார்கள். பெரிய, ஓரம் கலைந்த புள்ளி என்றால் சேவலாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

முட்டையின் பழுப்பு இந்தக் கணக்குக்குள் அடங்காது. அதைப் பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் குறைத்தும் தீர்மானிக்கின்றன. கறுத்த முட்டைக் கோழியையும் வெள்ளை முட்டை வம்சத்துச் சேவலையும் கலந்தால் மகள்கள் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இடுவார்கள். மிகக் கறுத்த முட்டை இட்ட ஒரு பெட்டையின் மகள்கள் சராசரியில் தாயைவிடச் சற்று வெளுத்தே இடுவதையும் வளர்ப்போர் பார்த்திருக்கிறார்கள். இதில் மர்மம் ஒன்றுமில்லை. தாயின் கருமையில் ஒரு பங்கு மரபு. மற்றொரு பங்கு அந்தப் பருவத்தின் ஓய்வு, உடல்நலம், சூழல். மரபுப் பங்குதான் மகளுக்குப் போகும். அதுவும் பாதி. ஒரே ஒரு அபூர்வக் கோழியை நம்புவதைவிட, அக்கா தங்கைகள் அத்தனை பேரும் நன்றாகக் கறுத்து இடும் குடும்பத்தை நம்புவது நல்லது. நான் கவனித்தவரை, புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த உண்மையைத் தாமதமாகவே ஏற்கிறார்கள். ஒரு 8-ஆம் எண் முட்டையைக் கண்டால் மனம் அதிலேயே தங்கிவிடுகிறது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் பாதி வழி வந்துவிட்டார். முட்டை ஓடு தாயின் உடம்பு செய்தது. உள்ளே வளரும் குஞ்சுக்கும் ஓட்டின் நிறத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கறுத்த முட்டையிலிருந்து பொரித்த சேவற்குஞ்சு, தன் தாயிடம் அடர்நிற மரபு இருந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. அந்த மரபில் எந்தப் பாதி தனக்கு வந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. தன் தகப்பன் எப்படிப்பட்டவன் என்றும் சொல்லத் தெரியாது. ஆகவே கறுத்த முட்டைகளை மட்டும் அடை வைப்பது தாய்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை. தகப்பன்களைத் தேர்ந்தெடுப்பது தனி வேலை.

கோழியின் காது மடலைப் பார்த்து முட்டை நிறத்தைச் சொல்லலாம் என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. வெள்ளை மடலுக்கு வெள்ளை முட்டை, சிவப்பு மடலுக்குப் பழுப்பு முட்டை. பல இனங்களில் இது ஒத்துவரும். ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமல்ல. கத்தலோனியாவின் பெனெதெசேன்கா கோழிக்கு மடல் வெள்ளை, முட்டையோ மரானுக்குச் சவால்விடும் கரும்பழுப்பு. மரானுக்கு மடல் சிவப்பு. மிக வெளுத்த முட்டையிடும் மரானுக்கும் அதே சிவப்புதான். பழுப்பு முட்டையில் சத்து அதிகம் என்பதும் இப்படியொரு நம்பிக்கையே. நாமக்கல் வெள்ளை முட்டையைவிட இரு மடங்கு விலை கொடுத்துப் பழுப்பு முட்டை வாங்குவோர் நம்மூரில் உண்டு. சத்தைத் தீர்மானிப்பது கோழி தின்ற தீனியே ஒழிய ஓட்டில் பூசிய நிறம் அல்ல. மரானை நேசிப்பதற்கு இந்தப் பொய்க் காரணம் தேவையில்லை.

அடை வைப்பதில் மரானுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. பிரெஞ்சு இலக்கணம் அடை முட்டைக்குக் குறைந்தது 65 கிராம் எடை கேட்கிறது. ஏழு நாளுக்கு மேல் சேமிக்காத, கழுவாத, கூர்முனை கீழே பார்த்து வைத்த முட்டையாக இருக்க வேண்டும். முதல் சிக்கல், வெளிச்சத்தில் பார்ப்பது. வெள்ளை முட்டையில் ஐந்தாம் ஆறாம் நாளே நரம்புகள் சிலந்திவலையாகத் தெரியும். மரானில் விளக்கொளி ஓட்டைத் தாண்டாமல் செம்பழுப்பு மங்கலோடு நின்றுவிடும். பத்தாம் நாள்வரை காத்திருந்து, சக்திவாய்ந்த விளக்கை அகன்ற முனையில் ஒட்டிப் பிடித்தால்தான் கருவா கூமுட்டையா என்று பிரிக்க முடியும்.

அடுத்த சிக்கல் ஈரம். இருபத்தொரு நாளில் முட்டை தன் ஓட்டுத் துளைகள் வழியே நீராவியை இழந்தாக வேண்டும். பதினெட்டாம் நாளுக்குள் எடையில் 11 முதல் 13 விழுக்காடு போக வேண்டும். அப்போதுதான் அகன்ற முனையில் காற்றறை போதிய அளவு விரியும், குஞ்சு ஓட்டைக் கொத்துமுன் மூச்சுவிட இடம் கிடைக்கும். கனத்த பூச்சுள்ள கருமுட்டைகளில் நீராவி மெதுவாக வெளியேறுகிறது என்பது மரான் பொரிப்பவர்களின் பொது அனுபவம். மற்ற முட்டைகளுக்கு வைக்கும் ஈரப்பதத்தை இவற்றுக்கும் வைத்தால், முழு வளர்ச்சி அடைந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே நீர் கோத்து இறந்துகிடக்கும். ஆகவே வெப்பம் வழக்கமான 37.5 டிகிரியில் இருக்க, முதல் பதினெட்டு நாள் ஈரப்பதத்தைக் குறைவாகவே வைத்து, கடைசி மூன்று நாளில் உயர்த்துகிறார்கள். சமையலறைத் தராசு ஒன்று போதும்: தட்டோடு எடை போட்டு, வாரம் ஒருமுறை குறித்துக்கொண்டால், ஈரத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முட்டையே சொல்லிவிடும். கருமுட்டையின் பொரிப்பு விகிதம் குறைவு என்று சலித்துக்கொள்பவர்களில் பலர் இந்தத் தராசைத் தொட்டதே இல்லை.

தீனியிலும் கூட்டிலும் பெரிய இரகசியம் கிடையாது. 16 விழுக்காட்டை ஒட்டிய புரதம், தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள், மேய இடம். காலிறகுள்ள வகைக்கு மட்டும் தரை கவனம் வேண்டும். சேறு காலிறகில் ஒட்டிக் காய்ந்து கட்டியாகும். செதில்களுக்கு அடியில் புகுந்து காலைத் தடிக்கச் செய்யும் சிற்றுண்ணி அங்கே மறைந்து பெருகும். சதுப்பில் பிறந்த கோழிக்கும் படுக்கை உலர்ந்திருக்க வேண்டும். அடைக்கலம் தேடும் சிற்றுண்ணிக்குக் காலில் எண்ணெய் தடவுவது பழைய வைத்தியம். அது இன்றும் பலன் தருகிறது.

அண்மைக் காலத்தில் இந்த இனத்துக்கு ஓர் ஆபத்து அழகின் வடிவில் வந்திருக்கிறது. தென் அமெரிக்காவின் அரௌகானா கோழி நீல முட்டை இடும். அந்த நீலம் பிலிவெர்டின் என்ற வேறொரு நிறப்பொருள். அது ஓட்டின் உட்புறம்வரை ஊடுருவி நிற்கும். பழங்கால வைரஸ் ஒன்றின் துணுக்கு கோழியின் மரபுத் தொகுதியில் நுழைந்ததால் இந்த நீலம் வந்தது என்று 2013-இல் தெரியவந்தது. நீல முட்டை வம்சத்தையும் மரானையும் கலந்தால், நீல ஓட்டின்மேல் பழுப்புப் பூசி முட்டை ஆலிவ் காயின் பச்சையில் பிறக்கிறது. பார்க்க அழகுதான், விலையும் போகிறது. ஆனால் நல்ல மரான் பெட்டைகளைக் கலப்புக்கே செலவழித்துவிட்டால் தூய வம்சத்துக்குத் தாய் எங்கிருந்து வரும்? சேவலில் முட்டை நிறம் தெரியாது என்ற பழைய சிக்கல் இங்கே இன்னும் கடுமையாகிறது. நீல மரபணுவை ஒற்றையாக ஏந்திய ஒரு கலப்புச் சேவல், இறகில் மரானாகவே தெரிந்தால், யாருக்கும் தெரியாமல் கூட்டத்துக்குள் போய்விடும். அதன் மகள்கள் முட்டையிடும் நாளில்தான் உண்மை வெளியே வரும்.

சிறு கூட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எதிரி, நெருங்கிய உறவுக் கலப்பு. நிறத்துக்காக அண்ணன் தங்கைகளையே சேர்த்துக்கொண்டு போனால் சில தலைமுறைகளில் பொரிப்பு குறையும், குஞ்சுகள் சோடையாகும். கூட்டத்தை மூன்று குடும்பங்களாகப் பிரித்துக்கொள்வது நல்ல வழி. ஒவ்வொரு குடும்பத்திலும் பிறந்த பெட்டைகள் அங்கேயே இருக்கும். முதல் குடும்பத்துச் சேவல் இரண்டாவதற்கும், இரண்டாவதன் சேவல் மூன்றாவதற்கும், மூன்றாவதன் சேவல் முதலாவதற்கும் போகும். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். இப்படிச் சுற்றினால் வெளியிலிருந்து புதுச் சேவல் வாங்காமலே பல தலைமுறைகள் தாக்குப்பிடிக்கலாம். சேவலை மாற்றியதும் அடை முட்டை சேர்க்கத் தொடங்கிவிடக் கூடாது. பெட்டையின் கருக்குழாயில் விந்தைச் சேமித்துவைக்கும் நுண்குழல்கள் இருக்கின்றன. பழைய சேவலின் விந்து அங்கே இரண்டு மூன்று வாரம் உயிரோடிருந்து கருக்கூட்டும். மூன்று வாரமாவது கழித்து எடுக்கும் முட்டையே புதுச் சேவலின் கணக்கில் சேரும்.

இனி அந்தச் சேவலின் கணக்கைப் பார்க்க வேண்டும். இளவேனிலில் அதன் குஞ்சுகள் பொரிக்கின்றன. மகள்கள் ஆறு ஏழு மாதத்தில் முட்டையிடத் தொடங்குகிறார்கள். முதல் முட்டைகள் எல்லாக் கோழிகளுக்கும் கறுத்தே இருக்கும் என்பதால் அவற்றை வைத்து முடிவுகட்ட முடியாது. குளிர்காலம் கடந்து அடுத்த இளவேனில்வரை, நிறம் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மகள் அல்ல, வெவ்வேறு தாய்களுக்குப் பிறந்த பல மகள்களின் முட்டைகளை அட்டையோடு வைத்துப் பார்த்தால்தான் தகப்பன் தந்த பங்கு தாய்களின் பங்கிலிருந்து பிரிந்து தெரியும். அந்த நாள் வரும்போது சேவலுக்கு இரண்டு வயது தாண்டியிருக்கும். பெரும்பாலான பண்ணைகளில் அதற்குள் அது குழம்புக்குப் போயிருக்கும், அல்லது கண்காட்சியில் பரிசு வாங்கிய இளைய சேவலுக்கு இடம் விட்டு விற்கப்பட்டிருக்கும். மகள்களின் முட்டை வந்து சேர்வதற்குள் தகப்பனை இழந்தவர் மறுபடி குருட்டாம்போக்கில்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஆகவே மரானை ஊன்றி வளர்ப்பவரின் தோட்டத்தில், தனி அடைப்பில், கொண்டை வாடிய ஒரு வயதான சேவலாவது இருக்கும். அதன் மகள்கள் ஏழுக்கும் எட்டுக்கும் குறையாமல் இடுகிறார்கள் என்று குறிப்பேட்டில் பதிந்த பிறகு, அடுத்த இளவேனிலில் அதைத்தான் மிகச் சிறந்த பெட்டைகளோடு மறுபடி விடுவார்கள்.